பீடை என்று கையெழுத்து வைக்க முதல்

தென்மேற்கு லண்டனில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள், பெற்றோர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு இரவு எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு மனு வந்தது. நாங்கள் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கிற பள்ளிக்கூடத்தின் நிர்வாகத்துக்கும் கவுன்சிலுக்கும் அனுப்புவதற்காக எழுதியது. மைதானத்தின் மேற்குப் பக்கத்து வேலியோடு நிற்கிற மூன்று ஓக் மரங்களையும் தறிக்கவேண்டும். தறிக்க விடமாட்டார்கள் என்றால் வருடாவருடம் மரம் முழுக்க மருந்து அடிக்கவேண்டும். காரணம் ஒரே வரியில் இருந்தது: இந்த மரங்களில் நச்சுப் பீடை குடியிருக்கிறது. ஓக் மரத்தில் கூடு கட்டுகிற ஒரு மயிர்க்கொட்டியைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். திங்கள் காலைக்குள் நூறு பேருக்கு மேல் கையெழுத்து வைத்துவிட்டீர்கள். அதில் என் மனைவியின் கையெழுத்தும் உண்டு. என்னுடையது இல்லை. ஏன் இல்லை என்று இரண்டு பேர் குழுவிலேயே கேட்டார்கள். நாலு வரியில் பதில் சொன்னால் வாக்குவாதமாகப் போய்விடும் என்று பேசாமல் இருந்தேன். எல்லோரும் ஆறுதலாக இருந்து வாசிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு நடந்தது சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. யூன் மாத விளையாட்டுப்போட்டியன்று நல்ல வெயில். நிழல் கிடைக்கும் என்று கம்பன் இல்லத்தின் கூடாரத்தை அந்த ஓக் மரங்களுக்குக் கீழேதான் போட்டோம். அன்றிரவு என் மகளின் கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தடித்துவிட்டன. அரிப்புக் கடி தாங்காமல் விடியவிடிய அழுதாள். பன்னிரண்டு நாள் கிறீம் பூசினோம். அதே கூடாரத்தில் இருந்த இன்னொரு பிள்ளைக்குக் கண் வீங்கிப் போனது. இழுப்பு வருகிற பிள்ளை ஒன்றை இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அந்தத் தாயின் முகத்தை நான் பார்த்தேன். அவர் மனுவின் முதல் கையெழுத்தாக இருப்பதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

இன்னொன்றையும் நான் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பதினொரு வருடமாக நான் மரம் பராமரிக்கும் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். கோடை வந்தால் இந்த மயிர்க்கொட்டியின் கூடுகளை அகற்றுகிற வேலைக்கும் போவேன். மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, மகளை வகுப்பில் விட்டுவிட்டு வரும்போது, நடு மரத்தின் கிளைக் கவட்டில் மெல்லிய வெள்ளை நூல் படிந்திருந்ததைக் கண்டேன். என்னவாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அடுத்த கிழமை சொல்லலாம் என்று போய்விட்டேன். மரங்களின் பூச்சி, நோய்களை அறிவிக்கிற ட்ரீஅலேர்ட் இணையப் பக்கத்தில் ஒரு படத்தோடு அறிவித்திருக்கலாம். செயலாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அந்த மரத்துக்குக் கீழே கூடாரம் போட்ட நாளில் வேலை முடிந்து நான் வந்து சேர்ந்தபோது பின்னேரம் மூன்று மணி. தவறு என்னுடையது. அதற்கான தண்டனையை மூன்று மரங்கள் அனுபவிக்கக்கூடாது என்பதும் இந்த மடலை எழுத ஒரு காரணம்.

மனுவில் பீடை என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. ஆங்கிலத்தில் ஓக் ப்ரொசெஷனரி மொத் என்பார்கள், அந்தப் பெயரிலேயே ஊர்வலம் என்ற சொல் இருக்கிறது. ஊர்வல மயிர்க்கொட்டி என்று நாங்கள் சொல்லலாம். தமிழ்நாட்டுப் பெற்றோருக்குக் கம்பளிப்பூச்சி என்றால் விளங்கும். யூன் மாதத்தில் பொழுதுபடும் நேரம் தண்டோடு கவனித்துப் பார்த்தால் தெரியும். முன்னுக்கு ஒன்று போகும். அதன் பின்னால் இரண்டு, பிறகு மூன்று, நாலு என்று வரிசை அகலும். பின்னதன் தலை முன்னதன் வாலோடு முட்டியபடி, ஒரு சாம்பல் நிற நாடா மரத்தில் ஏறுவது போல இருக்கும். இரவு முழுக்க மேலே இலை தின்றுவிட்டு விடிய முன் அதே வழியால் இறங்கிக் கூட்டுக்குள் போய்விடும். கூடு வெள்ளைப் பட்டு நூலால் ஆனது. மழை வெயில் பட்டுப் பழுப்பாகி, தண்டில் ஒட்டிய பழைய துணிப் பொட்டலம் போல ஆகிவிடும்.

நாங்கள் காண்கிற நீளமான வெள்ளை மயிர் கடிப்பதில்லை. கடிக்கிற மயிர் கண்ணுக்கே தெரியாது. இரண்டாவது முறை சட்டை கழற்றிய பிறகுதான் அது முதுகில் முளைக்கத் தொடங்கும். வளர்ந்த ஒன்றின் உடம்பில் அப்படி அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கும். அம்பு முனைபோன்ற அந்த மயிரில் தோமெற்றோபொயின் என்ற புரதம் உண்டு. தொந்தரவு பண்ணினால், அல்லது காற்று பலமாக அடித்தால், மயிர் உதிர்ந்து பறக்கும். பழைய கூட்டிலும் மரத்தடி மண்ணிலும் வருடக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். பிள்ளைகளை அது தேடி வந்து கொட்டவில்லை. தன்னைத் தின்ன வருகிற குருவிக்காக வைத்திருக்கிற காவல் அது. நாங்கள் கூடாரத்து முளை அடித்து, கயிற்றை மரத்தில் கட்டி, பந்தால் தண்டில் அடித்து விளையாடி, அந்தக் காவலை எங்கள் பிள்ளைகளின் தலையில் கொட்டிக்கொண்டோம்.

மனுவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: இது இந்த நாட்டுப் பூச்சியே இல்லை, வந்தான் வரத்தான் பூச்சி, இருக்க விடக்கூடாது. தகவல் ஓரளவு சரி. ஐரோப்பாவின் நடுப்பகுதியும் தெற்கும்தான் அதன் ஊர். 2005இல் லண்டனின் மேற்குப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அது தானாக வரவில்லை. புதிய கட்டடங்களுக்கு முன்னால் நடுவதற்காக ஐரோப்பாவிலிருந்து லொறியில் ஏற்றி வந்த ஓக் மரங்களின் சுள்ளிகளில் முட்டையாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு தாய்ப்பூச்சி நூறு, இருநூறு முட்டையை வரிசையாக இட்டு, தன் உடம்புச் செதிலால் மூடிவிடும். பட்டையின் நிறத்திலேயே இருப்பதால் அனுபவசாலிக்கும் கண்டுபிடிப்பது கடினம். 2019 கோடையில் நாட்டின் பல பக்கங்களிலும் புதிதாக நட்ட ஓக் மரங்களில் இது அகப்பட்ட பிறகு இறக்குமதி விதிகளை இன்னும் இறுக்கினார்கள். உடனடி அழகுக்காக வளர்ந்த மரத்தை வாங்கி நட்டவர்கள் யார் என்று எந்த மனுவும் கேட்பதில்லை.

மனிதரையும் பூச்சியையும் ஒப்பிடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ஆனால் வந்தான் வரத்தான் என்ற சொல் எங்களுடைய கையால் எழுதப்பட்டதைக் கண்டபோது எனக்கு மனம் கனத்தது. அந்தச் சொல்லை இந்த நாட்டில் எத்தனை விதமான மொழியில் கேட்டிருக்கிறோம்.

பீடை என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரில் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைப் பீடைநாசினி என்போம். வீட்டில் ஒருவருக்குத் தொடர்ந்து துன்பம் வந்தால் பீடை பிடித்துவிட்டது என்போம். பீடுடைய மாதமான மார்கழியையே வாய் தவறிப் பீடை மாதம் ஆக்கி, கலியாணம் வைக்காமல் விட்டுவிட்டோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் பிறகு அந்த மாதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூச்சிக்கும் அதுதான் நடக்கிறது. ஒரு பூச்சி யூன் மாதத்தில், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஆபத்து என்பது ஒரு தகவல். அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யலாம். அது பீடை என்று சொன்ன உடனே மாதமும் இடமும் மறைந்துபோகின்றன. பூச்சியின் பிறப்பே குற்றமாகிவிடுகிறது. அதன்பின் அதை அழிக்கப் பக்கத்தில் எதை அழித்தாலும் கணக்கு வைக்கத் தேவையில்லை என்று தோன்றத் தொடங்குகிறது.

நான் வளர்ந்த வீட்டு வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை நின்றது. மாரி மழை தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் அதன் தண்டு தெரியாமல் மயிர்க்கொட்டி அப்பிவிடும். மண்ணிறப் போர்வை ஒன்றை மரத்துக்குச் சுற்றிவிட்டது போல. மேலே இலை ஒன்றும் மிஞ்சாது. அம்மம்மா பின்னேரத்தில் காய்ந்த தென்னோலையைச் சூளாகக் கட்டிக் கொளுத்தி, தண்டோடு மேலும் கீழும் பிடிப்பா. மயிர் கருகுகிற மணம் குசினி வரை வரும். நாங்கள் சின்ன ஆட்கள் தூரத்தில் நிற்கவேண்டும், முருங்கைக்குக் கீழே விளையாடக்கூடாது, கொடியில் காய்கிற உடுப்பை உதறித்தான் போடவேண்டும். அவா அவற்றைக் கொன்றவா என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் வேலியோரம் நின்ற மற்ற முருங்கையில் கைவைக்க மாட்டா. அது செண்பகத்துக்கு என்பா. உண்மையாகவே இரண்டு செண்பகம் வந்து, அந்த வேலிக்குள் புகுந்து, மயிர்க்கொட்டியைக் கொத்தி இழுத்துக்கொண்டு போவதைப் படியில் இருந்து பார்த்திருக்கிறேன். தை மாதத்தில் இரண்டு மரமும் பழையபடி தளிர்த்துக் காய்க்கும். மயிர்க்கொட்டி வந்தது என்பதற்காக அம்மம்மா ஒருநாளும் முருங்கையைத் தறித்ததில்லை.

எங்களில் அனேகமான பெண்கள் கூறைச் சேலை உடுத்தித்தான் தாலி ஏற்றார்கள். அந்தப் பட்டும் ஒரு பூச்சியின் கூடுதான். அந்தப் புழுவை நாங்கள் கொதிநீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறோம், ஆனால் அதைப் பீடை என்று யாரும் சொல்வதில்லை. முசுக்கொட்டை இலையை வெட்டி வெட்டிப் போட்டு வளர்க்கிறோம். இரண்டும் மரத்தின் இலையைத் தின்று பட்டு நூற்கிற பூச்சிகள். ஒன்று எங்களுக்குப் பணம் தருகிறது, மற்றது கடி தருகிறது. பெயர் வைக்கிறபோது நாங்கள் பூச்சியைப் பார்க்கிறதில்லை, எங்கள் கையைத்தான் பார்க்கிறோம்.

இந்த நாட்டிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. எங்கள் பாடசாலைக்குப் பின்னால் முள்ளெலிக்கு வீடு செய்து வைத்து, பிள்ளைகள் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். 1566இல், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், தானியத்தைக் காக்கவென்று ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி முள்ளெலியின் தலை ஒன்றைக் கொண்டுபோய்த் தேவாலயப் பொறுப்பாளரிடம் கொடுத்தால் இரண்டு பென்ஸ் கிடைக்கும். இரவில் படுத்திருக்கிற பசுவின் மடியில் பால் குடித்துவிடும் என்று அந்தக் காலத்து மக்கள் நம்பினார்கள். மீன்கொத்திக்கும் ஒரு பென்னி விலை இருந்தது. றெட் கைற் என்ற பருந்தும் அப்படித்தான். ஒரு காலத்தில் லண்டன் தெருக்களின் அழுக்கைத் தின்கிறது என்று காத்தார்கள். பிறகு தலைக்கு விலை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிய முன் இங்கிலாந்தில் ஒன்றுகூட இல்லாமல் போனது. 1990இல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டேர்ன் மலைப்பக்கம் விட்டார்கள். இன்று எம்40 நெடுஞ்சாலையில் ஒக்ஸ்ஃபோர்ட் பக்கம் போகும்போது பிள்ளைகள் காருக்குள் இருந்து எண்ணுகிறார்களே, அந்தப் பருந்துதான். முள்ளெலி இப்போது இந்த நாட்டில் அழியக்கூடியவற்றின் பட்டியலில் இருக்கிறது. அவற்றில் எதுவும் மாறவில்லை. பெயர் வைத்தவர்களின் எண்ணம்தான் மாறியது. இடையில் செத்தவை செத்ததுதான்.

மருந்து அடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கையால் செய்கிற ஆள் என்பதால் கொஞ்சம் விரிவாக.

வழக்கமாகத் தெளிப்பது பிடீ என்று சொல்கிற ஒரு பக்றீரியா மருந்து. ஏப்ரல் கடைசியிலிருந்து யூன் தொடக்கம் வரை, புழு சின்னதாக இருக்கும்போது, இலையில் படும்படி அடிக்கவேண்டும். மனிதருக்கும் நாய் பூனைக்கும் அது ஒன்றும் செய்யாது. அதனால் பாதுகாப்பானது என்று மனுவில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த நேரத்தில் அந்த இலையைத் தின்கிற எல்லா வண்ணத்துப்பூச்சிப் புழுவும், எல்லா விட்டில் புழுவும் அதைத் தின்னும். இந்த நாட்டு ஓக் மரத்தை நம்பி 2,300 வகை உயிர்கள் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் 326 வகைக்கு ஓக் தவிர வேறு மரமே கிடையாது. மே மாதம் நீலச்சிட்டுக் குஞ்சு பொரிக்கிற மாதம். ஒரு குஞ்சு ஒரு நாளைக்கு நூறு புழு வரை தின்னும் என்பார்கள், ஒரு கூட்டில் எட்டுப் பத்துக் குஞ்சு இருக்கும். மருந்து குருவியைக் கொல்லாது, சரி. குருவியின் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிடும். 2013 மே மாதத்தில் பெர்க்ஷயரில் பாங்போர்ன் ஊருக்குப் பக்கத்துக் காட்டுத் துண்டுகளுக்கு மேலால் ஹெலிகொப்டரில் இந்த மருந்தைத் தெளித்தபோது, வண்ணத்துப்பூச்சிகளைக் காக்கிற ஆட்கள் கவலைப்பட்டுக் குரல் எழுப்பியது இதனால்தான். நானும் சில தோட்டங்களில் மருந்து அடித்திருக்கிறேன். அடித்து மூன்றாம் நாள் மரத்துக்குக் கீழே போய் நின்றால் ஒரு அமைதி இருக்கும். கீழே விழுந்த புழுக்களைக் குனிந்து பார்த்தால் பச்சை, மஞ்சள், கோடு போட்டது, குச்சி போல நிற்கிறது என்று பத்து வகை கிடக்கும். நாங்கள் தேடி வந்தது அதில் ஒன்று.

தறிக்கிற யோசனை இதைவிட மோசம். கூடு இருக்கிற மரத்தில் வாள் வைத்தால் மயிர் மைதானம் முழுக்கப் பறக்கும். பூச்சி பறந்து வரக்கூடியது, அடுத்த தெருவிலும் ஓக் நிற்கிறது, அதற்கடுத்த பூங்காவிலும் நிற்கிறது. அவை எல்லாவற்றையும் யார் தறிப்பது? 2006 தொடக்கம் இதை ஒழித்துவிடலாம் என்று அரசு பல வருடம் முயன்று பார்த்து, 2011இல் லண்டனில் அது முடியாது, மற்ற இடங்களுக்குப் பரவாமல் தடுப்போம் என்று தன் இலக்கையே மாற்றிக்கொண்டது. அந்த மூன்று மரத்தில் நடு மரத்தின் தண்டை இரண்டு பெரிய ஆட்கள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. எங்கள் யாருடைய பாட்டன் பூட்டனையும்விட மூத்தது. இலை முழுக்கப் போனாலும் ஆரோக்கியமான ஓக் சாவதில்லை. நடுக் கோடையில் இன்னொரு முறை தளிர்க்கும். லாமஸ் தளிர் என்று என்னோடு வேலை செய்கிற முதியவர் சொல்லித் தந்தார். வருடாவருடம் மொட்டையானால் மரம் நலியும், அது உண்மை. எங்கள் மூன்று மரத்திலும் இந்த வருடம் மேல் கிளைகளில்தான் கொஞ்சம் இலை போயிருக்கிறது.

இந்தப் பூச்சியைத் தேடி ஒரு ஈயும் வந்துவிட்டது. கார்சீலியா இலியாக்கா என்று பெயர். ஊர்வல மயிர்க்கொட்டியின் உடம்பில்தான் அதன் பிள்ளைகள் வளரும். சில வருடங்களுக்கு முன் ரிச்மண்ட் பார்க்கில் கண்டுபிடித்தார்கள். எங்கள் மைதானத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஈயின் கூட்டுப்புழு மயிர்க்கொட்டியின் கூட்டுக்குள்தான் கிடக்கும். ஆகவே ஒரு கூடு விடாமல் எல்லாவற்றையும் அகற்றி எரித்தால், எங்களுக்கு உதவிக்கு வந்த ஆளையும் சேர்த்து எரிக்கிறோம். நெதர்லாந்தின் ட்றென்தே மாகாணத்தில் வீதியோர ஓக் மரங்களில் சிட்டுக்களுக்குக் கூட்டுப் பெட்டி கட்டிவிட்டார்கள். மயிர் முளைக்க முன் இந்தப் புழுவைச் சிட்டுக்கள் நன்றாகத் தின்னும் என்று கண்டதால். மெதுவான வழிதான். ஆனால் செண்பகத்துக்கு ஒரு முருங்கையை விட்டுவைத்த வழியும் இதுதானே.

இரண்டு கிழமைக்கு முன் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. மயிர்க்கொட்டிகள் பூச்சாடி விளிம்பில் வட்டம் வட்டமாகச் சுற்றிச் சுற்றிச் சாகின்றன, சிந்திக்காமல் மற்றவர் பின்னால் போகாதே என்று பாடம். அது பைன் மரத்து ஊர்வல மயிர்க்கொட்டி, இதன் ஒன்றுவிட்ட சகோதரம். பிரான்ஸின் தெற்கில் வாழ்ந்த ஃபாபர் என்ற ஆய்வாளர் 1896 சனவரி 30ஆம் திகதி தொடங்கிப் பார்த்தது. ஏழு நாள் சுற்றின, 335 சுற்று என்று அவர் கணக்கிட்டார். எட்டாம் நாள் இறங்கிப் போய்விட்டன, சாகவில்லை. வீடியோவில் சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. சாடிக்கு ஏறி வந்த வழியில் அவை விட்டு வந்த பட்டு நூலை அவர் தூரிகையால் துடைத்து எடுத்துவிட்டார். அந்த நூல்தான் அவற்றுக்கு வீட்டுக்குப் போகிற பாதை. மரத்தில் எந்தக் கிளையும் வட்டமாக முடிவதில்லை, நூலைப் பிடித்துக்கொண்டு போனால் இலை கிடைக்கும், திரும்பினால் கூடு கிடைக்கும். பாதையை அழித்தது மனிதர், முட்டாள் என்ற பெயர் வாங்கியது புழு.

பாரிஸில் சொந்தக்காரர் உள்ளவர்கள் சொல்வீர்கள், அங்கே அரசாங்கமே இதைக் கேடான உயிர் என்று அறிவித்துவிட்டதே என்று. ஆம், 2022 ஏப்ரலில் பிரான்ஸ் ஓக், பைன் இரண்டு வகையையும் அரசாணையில் சேர்த்தது. பைன் வகை அங்கே குளிர்காலம் தணியத் தணிய வருடத்துக்குச் சில கிலோமீற்றர் வடக்கே நகர்ந்து பாரிஸ் பக்கம் வரை வந்துவிட்டது. ஆனால் அந்த ஆணையின் சொல்லைப் பாருங்கள். மனித உடல்நலத்துக்குக் கேடானவை என்கிறது. யாருக்கு, எந்த வகையில் கேடு என்று அது சொல்கிறது. அப்படிச் சொன்னால் நான் சண்டை பிடிக்க மாட்டேன். என் மகளின் கழுத்துக்குக் கேடுதான், பன்னிரண்டு நாள் பார்த்தேன். எங்கள் மனு அப்படி எழுதவில்லை.

இனி நான் உங்களிடம் கேட்பது. இந்த மனுவை அனுப்பவேண்டாம். அதற்குப் பதிலாக, நிலத்துக்குச் சொந்தமான பள்ளிக்கூடத்திடம், எட்டிப் பிடிக்கக்கூடிய உயரத்திலும் பிள்ளைகள் புழங்குகிற பக்கத்திலும் உள்ள கூடுகளை இந்த மாதமே பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு அகற்றச் சொல்லிக் கேட்போம். வெள்ளை முழுச்சட்டை போட்டு, கைக்கட்டை நாடாவால் ஒட்டி, முகமூடி போட்டு, கூட்டை நனைத்து, வடிகட்டி உள்ள இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கிற வேலை அது. தயவுசெய்து யாரும் வீட்டுத் தும்புத்தடியோடும் லைற்றரோடும் போகவேண்டாம், அம்மம்மாவின் சூளை இங்கே கொண்டுவரவே கூடாது, சூட்டில் மயிர் மேலெழும்பிப் பறக்கும். மேலே உயரத்தில் உள்ள கூடுகளை ஈக்காக விட்டுவிடலாம். மே தொடக்கம் ஓகஸ்ட் வரை மரத்தைச் சுற்றி வேலி போடுவோம், விளையாட்டுப்போட்டிக் கூடாரங்களைக் கிழக்குப் பக்கம் மாற்றுவோம். பக்கத்தில் நிழல் இல்லை என்று சொல்வீர்கள். கூடாரத் துணிக்கு நான் காசு தருகிறேன். மே மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புக்கு முன் மூன்று மரத்தையும் பார்த்து, கண்டால் அன்றே அறிவிக்கும் பொறுப்பை என்னிடம் தாருங்கள். இந்த முறை தவறவிட மாட்டேன்.

பெற்றோருக்கு ஒரு சின்ன அறிவித்தலும் தேவை. நான் எழுதித் தருகிறேன், செயலாளர் அனுப்பினால் போதும். மயிர் பட்டது போல இருந்தால் சொறியாமல், ஒட்டுநாடாவை வைத்து எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் கழுவவேண்டும். போட்டிருந்த உடுப்பைத் தனியாகச் சூடான தண்ணீரில் தோய்க்கவேண்டும். மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கண்ணில் பட்டால் தேய்க்கக்கூடாது.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியையிடமும் கதைத்துவிட்டேன். மாரியில் பிள்ளைகளைக் கொண்டு சிட்டுக்களுக்குப் பத்துப் பெட்டி செய்விக்க அவருக்குச் சம்மதம். பலகை என் வேலைத்தலத்தில் மிஞ்சும். ஆணி அடிக்கத் தெரிந்த இரண்டு தகப்பன்மார் கிடைத்தால் நல்லது.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, வகுப்புத் தொடங்க முன், நடு மரத்திலிருந்து தள்ளி, மைதானத்துப் பெரிய வாங்குக்குப் பக்கத்தில் நிற்பேன். தூரதரிசினி ஒன்று கொண்டு வருவேன். கூடு இருக்கிற இடத்தையும், இலை போன இடத்தையும், புதிதாகத் தளிர் வரத் தொடங்கியிருக்கிற கிளையையும் காட்டுகிறேன். கையெழுத்து வைத்தவர்களும் வாருங்கள். முதல் கையெழுத்து வைத்த அம்மா வந்தால் அவரிடம் நேரே மன்னிப்புக் கேட்கவேண்டும். நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பன்